ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ்: சொல்லும் பொருளும்

மனிதப் பரிணாமம் பற்றிய நூல்களில் அடிக்கடி எதிர்ப்படும் ‘ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ்’ என்னும் பேரினப் பெயரை, அதாவது அழிந்துபோன மனிதமுன்னோடி இனங்களின் தொகுதிக்கு இட்ட பெயரை, ஆஸ்திரேலியாவோடு தொடர்புடையதாகக் கருதுவோர் உண்டு. அப்பெயரைச் சூட்டிய ரேமண்ட் டார்ட் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தவர் என்பது உண்மையே. ஆனால் பெயருக்குக் காரணம் அதுவன்று. ‘ஆஸ்தர்’ என்னும் இலத்தீன் சொல் தெற்கிலிருந்து வீசும் காற்றைக் குறிக்கும். அதிலிருந்து, தெற்கைச் சார்ந்தது என்னும் பொருளில் ‘ஆஸ்திராலிஸ்’ பிறந்தது. தமிழில் தென் என்னும் திசைப்பெயரிலிருந்து தென்றல் தோன்றியிருக்க, இலத்தீனில் காற்றின் பெயரிலிருந்து திசையின் பெயர் தோன்றியிருப்பது நோக்கத்தக்கது. பிற்பகுதியாகிய ‘பித்தேக்கோஸ்’ குரங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இலத்தீனையும் கிரேக்கத்தையும் இப்படி ஒட்டவைத்தது முறையன்று என்று அக்காலத்தே மொழியறிந்தோர் குறை கூறினர்.

தென்னாப்பிரிக்காவின் தாவுங் என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து 1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் புதைபடிவமே இப்பெயரைத் தாங்கிய முதல் சான்று. ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த டார்ட், முதுகுத்தண்டு நரம்பு வெளியேறும் பெருந்துளை மண்டையோட்டின் அடியில் முன்தள்ளி அமைந்திருப்பதைக் கண்டு, இவ்வுயிர் நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். 1925 பிப்ரவரி 7 அன்று ‘நேச்சர்’ இதழில் அதற்கு ‘ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ் ஆப்பிரிக்கானஸ்’ என்று பெயரிட்டு, குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட உயிராக அதை அறிவித்தார்.

ஆர்தர் கீத் உள்ளிட்ட பிரித்தானிய அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. கொரில்லா, சிம்பன்சி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த குட்டி என்றே கருதினர். மனிதனாகும் வழியில் மூளையே முதலில் பெருத்தது என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட, இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு திட்டமிட்ட மோசடி என்பது 1953இல்தான் அம்பலமானது. அதற்கு முன்பே, 1936இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டைன் குகையில் புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் புரூம் முதிர்ந்த உயிரொன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்ததும், 1947இல் அங்கேயே ஏறத்தாழ முழுமையான மண்டையோடு கிடைத்ததும் டார்ட்டின் கூற்றுக்கு வலுச்சேர்த்தன. கீத்தும் பின்னர் டார்ட் கூறியதே சரி என ஒப்புக்கொண்டார். ஓர் அறிஞரின் சரியான கணிப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974இல் டொனால்ட் ஜோஹான்சன் கண்டெடுத்த ‘லூசி’ என்னும் பெண் ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ் ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவள். எலும்புக்கூட்டில் சுமார் நாற்பது விழுக்காடு கிடைத்தது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் இருகால் நடையைக் காட்ட, அவளது இனத்தின் மூளையோ சிம்பன்சியின் அளவைச் சற்றே விஞ்சியது. தான்சானியாவின் லாயிட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த, 36 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலடிச் சுவடுகளும் இதனையே உறுதி செய்கின்றன. ஆகவே, நடை முந்தியது, மூளை பிந்தியது. ஏறத்தாழ 42 இலட்சம் முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்த இப்பேரினத்தின் ஏதோ ஒரு கிளையிலிருந்தே நம் ஹோமோ பேரினம் தோன்றியது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. அக்கிளை எது என்பதில் கருத்து வேற்றுமை நீடிக்கிறது.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘தென்குரங்கு’ என்று நேராகப் பெயர்ப்பது எளிது. ஆயினும் அது பொருந்தாது. குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணை மந்தி என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துக் கூறும் அளவுக்குத் தமிழில் குரங்கினப் பெயர்கள் நுட்பமாக வளர்ந்திருந்தும், அவை யாவும் வாலுள்ள குரங்குகளுக்கே உரியவை; ஆஸ்ட்ரலோபித்தேக்கஸோ வாலில்லாதது. இந்தியாவில் வாலில்லாக் குரங்கு வடகிழக்கு மாநிலங்களில் வாழும் ஹூலாக் கிப்பன் ஒன்றே என்பதால், தமிழ் நிலத்தில் அதற்கென ஒரு பெயர் உருவாக வாய்ப்பில்லை. ‘மனிதக் குரங்கு’ என்பது பிற்காலத்தில் வழக்கூன்றியது. அதனைத் தழுவி ‘தென்மாந்தக்குரங்கு’ என்று ஆள்வதே பொருத்தம் என்பது என் துணிபு. மூலச்சொல் சொல்லாது விட்ட மனிதத் தொடர்பையும் அது சேர்த்துக் காட்டும்.

தென் என்னும் அடைமொழி கென்யா, எத்தியோப்பியா, சாட் ஆகிய நாடுகளின் புதைபடிவங்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் பொருள் பிழைபட்டது என்பதற்காக ஒரு பேரினப் பெயரை மாற்றுவதற்கு விலங்கியல் பெயரிடல் விதிகளில் இடமில்லை. ஆதலால் அறிவியல் பெயராக வருமிடத்தில் ஒலிபெயர்ப்பையே எழுத வேண்டும். பொதுவாசகருக்கு விளக்குமிடத்தில், அஃபார் வட்டாரத்தால் பெயர்பெற்ற லூசியின் இனத்தை ‘அஃபார் தென்மாந்தக்குரங்கு’ என்றும், தாவுங் குழந்தையின் இனத்தை ‘ஆப்பிரிக்கத் தென்மாந்தக்குரங்கு’ என்றும் வழங்கலாம்.