அடைபடாத சல்லடை: மத்தி மீன் உணவு வடிக்கும் முறை

மத்தியை ஆயும்போது செவுளைப் பிடுங்கி எறிந்துவிடுவதுதான் வழக்கம். அடுத்த முறை எறிவதற்கு முன், செவுள் வளைவு ஒன்றைத் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கிண்ணத்தில் இட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மீன் மூச்சு விடுவதற்கான சிவந்த இழைகள் இருக்கும். வாயை நோக்கிய மறுபக்கத்தில், பேன் சீப்பின் பற்களைவிட நெருக்கமாக, வெளிறிய மெல்லிய முட்கள் விரியும். வளர்ந்த மத்தியில் முதல் வளைவின் கீழ்ப்பகுதியில் மட்டுமே இவை 150க்கு மேல் இருக்கின்றன. குமரிக் கரையில் சாளை என்று அழைக்கப்படும் இம்மீனின் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். பெயரின் பிற்பாதிக்கு 'நீண்ட தலை' என்று பொருள். இந்தச் சீப்புகளுக்கு இடம் தருவது அந்த நீண்ட தலையே.

மத்தி இரையைத் துரத்திக் கடிப்பதைவிட, வாயையும் செவுள் மூடிகளையும் திறந்தபடி கூட்டமாக நீந்தி, உள்ளே புகும் நீரிலிருந்து மிதவை உயிரிகளைப் பிரித்தெடுத்தே பெரும்பாலும் வயிறு நிரப்புகிறது. குடலைக் கீறினால் வரும் பச்சை கலந்த பழுப்புக் குழம்பில் பெரும்பகுதி டயாட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகள்; பல ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

இங்கேதான் வியப்பு தொடங்குகிறது. தேநீர் வடிகட்டியில் தூள் சேரச் சேரத் துளைகள் அடைபடும். நாமும் அதைத் தட்டிக் கழுவுகிறோம். மத்திக்கு அந்த வசதி இல்லை, ஆனாலும் அது நாள் முழுதும் வடிக்கிறது. இப்புதிருக்கான விடையின் பெரும்பகுதி, மத்தியைப் போலவே ஹெர்ரிங் வகையைச் சேர்ந்த கிஸர்ட் ஷாட் என்ற அமெரிக்க மீனிடம் கிடைத்தது. அதன் வாய்க்குள் நுண் கேமராவைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2001இல் நேச்சர் இதழில் வெளியானது. உணவுத் துகள்கள் செவுள் முட்களில் மோதிச் சிக்காமல், அவற்றை ஒட்டியபடியே தொண்டையை நோக்கி ஓடுவதை அந்தப் படங்கள் காட்டின. நீர் முட்களின் இடுக்குகள் வழியே பக்கவாட்டில் கசிந்து வெளியேற, துகள்களோ முன்னோக்கிய ஓட்டத்தின் வேகத்திலேயே தொண்டைப் பக்கம் இழுபட்டுச் செல்கின்றன. எனவே போகப் போக நீர் குறைந்து உணவு செறிகிறது, முட்களின் முகத்தையும் அந்த ஓட்டமே துடைத்துவிடுகிறது. பால் ஆலைகளின் சவ்வு வடிகட்டிகளும் இதே குறுக்கோட்ட முறையில்தான் இயங்குகின்றன. ஹெர்ரிங் வகை மீன்கள் பலவற்றில், செவுள்களுக்கு மேலே உள்ள சிறு பைகள், வந்து சேரும் துகள்களைச் சளியோடு திரட்டி, விழுங்கத்தக்க உருண்டையாக்குகின்றன.

பாசியையே நேராக உண்பதால் மத்தியின் வாழ்வு பருவக்காற்றோடு பிணைந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலபார்க் கரையோரம் வீசும் காற்று, புவிச் சுழற்சியின் விளைவோடு சேர்ந்து, மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் நைட்ரேட், பாஸ்பேட் சத்துகளோடு மேலெழும்ப, டயாட்டம் பெருகுகிறது. மத்தி முட்டையிடுவதும் இப்பருவத்தில்தான். மழை ஓய்ந்தபின் அதன் உடலில் ஏறும் கொழுப்பும் இந்தப் பாசி விளைச்சலின் பயனே. அந்த எண்ணெயை மலபாரில் மரத்தோணிகளுக்குப் பூசினார்கள். ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் மிகுதியாகத் தென்படுவதை மத்தி வரவின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று ஆய்வாளர்களான நாயரும் சுப்பிரமணியனும் 1955இல் எழுதினர். ஒரு மீனின் வருகையை நுண்ணோக்கியில் படித்தறிய முனைந்த அந்த முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் உணவின் ஏற்ற இறக்கம் அப்படியே மீன்வளத்திலும் பிரதிபலிக்கும். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் பிடிபட்டது 3,297 டன் மட்டுமே. இவ்வீழ்ச்சிக்குக் கடல் வெப்ப மாற்றமும், குஞ்சுகளைப் பிடிப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மத்தியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே என்பதால், மேலெழும் நீர் பொய்த்த ஓர் ஆண்டின் இழப்பை ஈடுகட்ட, முந்தைய பல ஆண்டுகளின் முதிய மீன்கள் கடலில் இருப்பதில்லை.