லோடு ஏத்துனா பிக்கப் பின்னாடி உக்காருதா? பட்டை சேர்க்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

லோடு ஏத்துனதும் பின்பக்கம் உக்காந்துடுது, மூக்கு மேல தூக்கிடுது, நைட்ல டிம்ல தான் போறோம் ஆனாலும் எதிர்ல வர்ற வண்டிக்காரங்க எல்லாம் லைட் அடிச்சு காட்டறாங்க. நம்ம வேலூர் சுத்துவட்டாரத்துல பிக்கப் வச்சிருக்கற நிறைய பேரு இந்த நிலமைல தான் இருக்காங்க. பட்டை (பின் ஆக்ஸில்ல அடுக்கடுக்கா இருக்கற எஃகு லீஃப் ஸ்பிரிங்) கட்டுற கடைக்கு கொண்டு போனா "இன்னாணா, எக்ஸ்ட்ரா ரெண்டு பட்டை போட்டு உட்டுடலாமா?"ன்னு தான் முதல்ல கேப்பாங்க. போடலாம் தான், ஆனா அந்த ரெண்டு பட்டை என்ன வேலை பண்ணும், என்ன வேலை பண்ணாதுன்னு தெரிஞ்சு போடணும், ஏன்னா பின் சஸ்பென்ஷன்ல கை வச்சா அது பிரேக், ஷாக் அப்சார்பர், ஜாயின்ட் கிராஸ் (பின் ஆக்ஸில சுத்த வைக்கற ஷாஃப்டோட இணைப்பு), சேசிஸ்னு எல்லா இடத்துலயும் போய் நிக்கும்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும். பட்டை சேர்த்தா வண்டியோட தூக்குற சக்தி அதிகமாகிடாது. எவ்ளோ வெயிட்டுக்கு எவ்ளோ கீழ இறங்கணும்ங்கறது மட்டும் தான் மாறும். ஒன்றரை டன் ஏத்துனா அந்த ஒன்றரை டன்னும் அதே ஹவுசிங் (பின் ஆக்ஸிலோட கூடு) மேல, அதே வீல் பேரிங் மேல, அதே டயர் மேல தான் உக்காருது, பட்டை எத்தனை இருந்தாலும் சரி. டயர் ஓரத்துல சைஸுக்கு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, 104னு இருந்தா அந்த டயர் 900 கிலோ தாங்கும், 108னா 1000 கிலோ, 112னா 1120 கிலோ. உங்க பின் ஆக்ஸிலோட உண்மையான எல்லை அங்கயும் ஆர்சி புக்லயும் தான் இருக்கு. வண்டி பாக்க நேரா நிக்குதுன்னா லோடு சரியா இருக்குன்னு அர்த்தமே கிடையாது, சொல்லப்போனா கீழ உக்காந்து எச்சரிக்கை குடுத்துட்டு இருந்த வண்டிய நேரா நிக்க வச்சா ஓவர்லோடு கண்ணுக்கு தெரியாம போயிடும், எனக்கு இதுல தான் பயமே. ஓவர்லோடுக்கு 2019 சட்ட திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபாயும் கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஃபைன், அது தனி.

சரி, கணக்குக்கு வருவோம். ரெண்டு பக்க பட்டையும் சேர்த்து 100 கிலோ வச்சா 1 சென்டிமீட்டர் இறங்குதுன்னு வச்சுக்குவோம் (உங்க வண்டிக்கு வேற நம்பர் வரும், முறை ஒண்ணு தான்). காலி வண்டில பின் பட்டை மேல பாடி வெயிட் 400 கிலோன்னா பட்டை 4 சென்டிமீட்டர் அமுங்கி இருக்கும். 1200 கிலோ ஏத்துனா மொத்தம் 16 சென்டிமீட்டர். இப்போ ஸ்பிரிங் விஷயத்துல ஒரு அழகான ஃபார்முலா இருக்கு, 5ஐ எடுத்து, அமுங்குன சென்டிமீட்டரோட வர்க்கமூலத்தால வகுத்தா, வண்டி செகண்டுக்கு எத்தனை தடவை மேலயும் கீழயும் ஆடும்னு வந்துடும். காலி வண்டில 5ஐ 2ஆல வகுத்தா 2.5 தடவை. லோடோட 5ஐ 4ஆல வகுத்தா 1.25 தடவை. மனுஷ உடம்புக்கு 1ல இருந்து 1.5 வரைக்கும் சுகமா இருக்கும், 4ல இருந்து 8 வரைக்கும் போனா முதுகு, வயிறு எல்லாம் குலுங்கி ரொம்ப தொந்தரவு பண்ணும். பிக்கப்ல லோடு இருந்தா நல்லா ஓடுது, காலியா வந்தா குதிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுக்கு காரணம் இந்த வித்தியாசம் தான்.

இதுல பட்டை சேர்த்து 1 சென்டிமீட்டருக்கு 100 கிலோங்கறத 140 ஆக்கிட்டோம்னு, அதாவது பட்டையோட விறைப்ப கூட்டிட்டோம்னு வைங்க. 1200 கிலோ லோடுக்கு முன்னாடி 12 சென்டிமீட்டர் இறங்குன வண்டி இப்போ எட்டரை தான் இறங்கும், ஓனருக்கு சந்தோஷம். ஆனா காலில பட்டை 3 சென்டிமீட்டர் கூட அமுங்காது, ஆட்டம் செகண்டுக்கு 3 தடவை கிட்ட போயிடும், ஸ்பீடு பிரேக்கர்ல பின் வீல் தரைய விட்டு எழும்பும், மழைல ஈர ரோட்டுல காலி வண்டிய பிரேக் புடிச்சா பின்னாடி இழுத்துட்டு போகும். அதனால நான் யாரு கேட்டாலும் திருப்பி கேக்கற முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் லோடோட ஓடுது, எவ்ளோ தூரம் காலியா ஓடுதுன்னு தான். போகும்போது லோடு, வரும்போது காலின்னா பாதி கிலோமீட்டர் காலி வண்டி தானே, அந்த பாதிய மறந்துட்டு பட்டை கட்டுனா டிரைவர் முதுகு தான் பதில் சொல்லணும்.

பட்டையோட கனத்துலயும் (தடிமன்) கவனம் வேணும். பட்டையோட அகலம் ரெண்டு மடங்கு ஆனா விறைப்பும் ரெண்டு மடங்கு, அவ்ளோ தான். ஆனா கனம் எத்தனை மடங்கு கூடுதோ அத மூணு தடவை போட்டு பெருக்கணும், அதாவது 8 மில்லிமீட்டர் பட்டைக்கு பதிலா 10 மில்லிமீட்டர் போட்டா அந்த ஒரு பட்டையோட விறைப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "கொஞ்சம் கனமா போட்டுருக்கேன்ணா"ன்னு சொல்றதுல அந்த கொஞ்சம் எவ்ளோன்னு காலிப்பர் வச்சு பாக்கறது நல்லது.

இன்னொன்னு, பட்டைல கை வைக்கறதுக்கு முன்னாடி லோடு எங்க உக்காருதுன்னு பாருங்க, காசே செலவில்லாத வேலை இது. முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல 3 மீட்டர்னா, 1000 கிலோ லோடோட நடுப்பகுதி பின் ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் முன்னாடி இருந்தா பின்னாடி 900, முன்னாடி 100னு பிரியும். அதே லோடு ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி போயிட்டா பின் ஆக்ஸில் மேல 1100 ஏறும், முன்னாடி இருக்கற வெயிட்ல 100 குறையும். ஸ்டியரிங் லேசாகி மிதக்கற மாதிரி இருக்கறது இதனால தான். கனமான மூட்டைய கேபின் ஓரமா தள்ளி அடுக்குனாலே பாதி பேருக்கு பிரச்சனை தீந்துடும்.

நம்ம ஊர் லோடுங்களே ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இல்லாதது. குடியாத்தத்துல இருந்து தீப்பெட்டி பண்டல் ஏத்தறவங்களுக்கு பாடி நிறைஞ்சிடும், வெயிட் ஏறாது, அவங்க பட்டைய தொடவே வேணாம். ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் உப்பு போட்ட ஈரத்தோல் ஏத்தறவங்க நிலமை நேர் எதிர், பாடில கால்வாசி தான் தெரியும், வெயிட் அள்ளிடும். செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு ஏத்தறவங்க கதை வேற, மாடு நிக்குது, வெயிட் உயரத்துல இருக்கு, திருப்பத்துல அதுவும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும், அங்க வேண்டியது பக்கவாட்டுல சாயாம இருக்கறது. அதுக்கு வெறும் பட்டை விறைப்ப மட்டும் நம்பாம ஆன்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டுல சாயறத தடுக்கற கம்பி) இருக்கா, அதோட ரப்பர் புஷ் நல்லா இருக்கான்னு முதல்ல பாக்கணும். ஆலங்காயத்துல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறி சாமையும் புளியும் இறக்கறவங்களுக்கு இறக்கத்துல பிரேக் தான் எல்லாம்.

அந்த பிரேக்ல தான் யாரும் பேசாத ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. பல பிக்கப்ல வண்டிக்கு அடில படுத்து பாத்தா, பின் ஹவுசிங்ல இருந்து ஒரு சின்ன கம்பியோ ஸ்பிரிங்கோ மேல போய் சேசிஸ்ல இருக்கற ஒரு வால்வுல மாட்டி இருக்கும், பிரேக் பைப் அது வழியா தான் பின் வீலுக்கு போகுது. லோடு ஏறி பாடி கீழ இறங்கினா அந்த கம்பி நகர்ந்து வால்வு தெறந்து பின் பிரேக்குக்கு பிரஷர் அதிகம் விடும், காலில பாடி மேல நின்னா பின் வீல் லாக் ஆகாம இருக்க பிரஷர கம்மி பண்ணும். அதுக்கு லோடு எவ்ளோன்னு தெரியாது, உயரம் மட்டும் தான் தெரியும். நீங்க பட்டை போட்டு 5 சென்டிமீட்டர் தூக்கி விட்டா, ஒன்றரை டன் மேல இருந்தும் அது வண்டி காலின்னு நினைச்சுக்கிட்டு பின் பிரேக்க கட்டுப்படுத்திட்டே இருக்கும், முழு வேலையும் முன் பிரேக் மேல விழும், மலை இறக்கத்துல முன் டிஸ்க் கொதிச்சு போயிடும். உயரத்த மாத்துனா அந்த கம்பியோட செட்டிங்க சர்வீஸ் மேனுவல்ல குடுத்திருக்கற அளவுக்கு மாத்தியே ஆகணும், இத பண்ணாத கடைல வேலை குடுக்காதீங்க.

இப்போ என்னென்ன வழி இருக்கு? தினமும் ஒரே மாதிரி வெயிட், பெரும்பாலும் லோடோட தான் ஓட்டம்னா பட்டை சேர்க்கறது சரியான வழி, உறுதியானது, எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணலாம். லோடு மாறி மாறி வருதுன்னா ஹெல்பர் பட்டை நல்லது, காலில அது எதையும் தொடாம சும்மா இருக்கும், வண்டி ஒரு அளவுக்கு மேல இறங்குனா தான் போய் முட்டி வேலை செய்யும். ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல போடற ரப்பர் ஹெல்பரும் இதே தத்துவம், அமுங்க அமுங்க விறைப்பு ஏறும்.

எனக்கு ரொம்ப புடிச்சது காத்து பை. பெங்களூர் போற பெரிய ஏசி பஸ்ல பாத்திருப்பீங்க, அதோட சின்ன வடிவம், பட்டைய கழட்டாம கூடவே மாட்டறது. லோடுக்கு தகுந்த மாதிரி காத்து ஏத்துனா விறைப்பும் சேர்ந்து ஏறும், லோடு இறக்குனதும் காத்த குறைச்சா விறைப்பும் குறையும், அதனால காலிக்கும் லோடுக்கும் நடுவுல ஆட்டத்துல இருக்கற வித்தியாசம் கம்மியாகும், எஃகு பட்டைல இப்படி நினைச்சப்ப விறைப்ப ஏத்தி இறக்க முடியாது. பொதுவா காலில கூட 5 பிஎஸ்ஐக்கு கீழ விடக்கூடாது, பை மடிஞ்சு கிழிஞ்சுடும். பலதுக்கும் உச்சம் 100 பிஎஸ்ஐ. ஆனா ஒரு ஆபத்தும் இருக்கு. பட்டை வெயிட்ட சேசிஸ்ல முன் கண் (பட்டையோட முன் முனை வளையம்), பின் ஷேக்கிள் (பின் முனைய சேசிஸோட சேர்க்கற ஆடற இணைப்பு)னு ரெண்டு இடத்துல வாங்குது, பை அத நடுவுல ஆக்ஸிலுக்கு நேர் மேல ஒரே இடத்துல தள்ளுது. பாடி பின்னாடி நீட்டி இருக்கற வண்டில, கனத்த கடைசில வச்சுட்டு பைல ஃபுல்லா காத்தடிச்சா சேசிஸ் அந்த இடத்துல தான் வளையும். சைலன்சர் பைப் பையத் தொடற தூரத்துல போகுதான்னும் பாருங்க, நம்ம ஊர் சித்திரை வெயில் போதாதுன்னு அந்த சூடும் சேர்ந்தா ரப்பர் தாங்காது.

எத போட்டாலும் ஷாக்க மறக்க முடியாது. பட்டை அமுங்கும்போது சேத்து வச்ச சக்திய திருப்பி குடுக்கும், அத எண்ணெய் வழியா சூடா மாத்தி அடக்கறது ஷாக்கோட வேலை. பட்டை விறைப்பா ஆக ஆக திருப்பி உதைக்கறதும் வேகமா வரும், பழைய ஷாக்கால புடிச்சு நிறுத்த முடியாது, வண்டி ஒரு பள்ளத்துக்கு ரெண்டு மூணு தடவை ஆடும். பட்டை ஒண்ணோட ஒண்ணு உரசறதுலயும் கொஞ்சம் அடங்கும், ஆனா துரு புடிச்ச பட்டைல அந்த உரசல் ஒரே சீரா இருக்காது. ஷாக்க தொட்டு பாருங்க, மோசமான ரோட்டுல ஓடி வந்த உடனே ஒண்ணு சூடாவும் இன்னொன்னு சில்லுன்னும் இருந்தா சில்லுன்னு இருக்கறது வேலை செய்யலன்னு அர்த்தம்.

உயரம் ரொம்ப ஏறுனா பின் ஆக்ஸில சுத்த வைக்கற ப்ரொப்பல்லர் ஷாஃப்டோட கோணம் மாறி கிராஸ் சீக்கிரம் தேயும், ஒரு ஸ்பீடுக்கு மேல அதிர்வு வரும். கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறத கட்டுப்படுத்தறதுக்கு மோட்டார் வாகன சட்டத்துல 52வது பிரிவு இருக்கு, அதனால பெருசா தூக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுடுங்க.

கடைசியா கட்டுற வேலை. பட்டை உடையறத கவனிச்சா நிறைய நேரம் நடுவுல, சென்டர் போல்ட் (பட்டைங்கள ஒண்ணா கோத்து வச்சிருக்கற போல்ட்) ஓட்டை வழியா தான் உடைஞ்சிருக்கும். ஓட்டை இருக்கற இடம் பலவீனம், அங்க பட்டை வளையாம யூ போல்ட் (பட்டைய ஆக்ஸிலோட சேர்த்து கட்டற U வடிவ போல்ட்) தான் இறுக்கி புடிச்சு காப்பாத்துது, யூ போல்ட் லூஸ் ஆன அன்னைக்கே அந்த இடம் வளைய ஆரம்பிச்சுடும், அப்புறம் விரிசல் விட்டு ஒரு நாள் பட்டுனு போயிடும். நிறைய பேரு பட்டை தரமில்லன்னு சொல்றாங்க, யூ போல்ட்ட யாரும் கேக்கறதில்ல. பழைய யூ போல்ட் ஒரு தடவை இழுபட்டது, பட்டை மாத்தும்போது புதுசு போடுங்க, பட்டை கூடுனா நீளமும் கூடணும். உடைஞ்ச பட்டைய வெல்டிங் வைக்கவே கூடாது, அந்த சூட்டுல எஃகோட பதம் போயிடும். தொங்குன பட்டைய அடிச்சு வளைவு ஏத்திக் குடுக்கறது கொஞ்ச நாளைக்கு நிக்கும், தேய்ஞ்ச உலோகம் தேய்ஞ்சது தான், மறுபடி தொங்கும்.

வேலை முடிஞ்சதும் காலி வண்டிய சமமான தரைல நிறுத்தி, வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதி வைங்க, வழக்கமா ஏத்தற லோட ஏத்தி மறுபடி அளங்க. ஹெட்லைட் செட்டிங்கயும் லோடோட வச்சே சரி பாருங்க. ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடுனதும் லோடோட கடைக்கு திரும்பி போய் யூ போல்ட்ட டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கம்னு அளந்து டைட் பண்ற ஸ்பானர்) வச்சு மறுபடி டைட் பண்ண சொல்லுங்க, அந்த வேலைக்கு சாதாரண ஸ்பானர் பத்தாது.