காயத்தோடு அயர்ன்மேன்: எந்த வலியோடு ஓடலாம், எந்த வலியோடு ஓடக் கூடாது

அயர்ன்மேன் போன்ற நீண்ட தூர டிரையத்லானுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் பந்தயத்துக்கு, பெயர் கொடுத்துவிட்டு, பயிற்சியின் நடுவில் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "முடிச்சிடலாமா மேடம்?" என்றுதான். எப்போது குணமாகும் என்பது அதற்குப் பிறகுதான் வரும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரத்தைப் பிடுங்கி எடுத்து, மாதக்கணக்கில் பாடுபட்டவர்கள். பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்த வரையில், இப்படி வருகிறவர்களில் பலரால் பந்தயத்தை முடிக்க முடியும். சிலர் தொடக்கக் கோட்டுக்கே போகக் கூடாது. யார் எந்தப் பக்கம் என்பதை மனவுறுதியை வைத்து முடிவு செய்ய முடியாது. காயம் எந்தத் திசுவில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுத் தூரம் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பல பந்தயங்களில் இதற்கு 17 மணி நேரம் தருகிறார்கள், சிலவற்றில் 16. நீச்சலுக்கு 1 மணி 40 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். சைக்கிளை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 7 மணி 12 நிமிடம். இடையில் உடை மாற்றவும் ஷூ போடவும் 25 நிமிடம். இதுவரை 9 மணி 17 நிமிடம். பதினேழில் மீதி 7 மணி 43 நிமிடம். அதாவது ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 நிமிடம். விறுவிறுவென்று நடந்தாலே எட்டிவிடுகிற வேகம் இது. 16 மணி நேரப் பந்தயமாக இருந்தால் நடையோடு கொஞ்சம் ஓட்டமும் சேர வேண்டும். சைக்கிளை முடிக்கத் தனியாக ஒரு கெடுவும் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினாலே எதிரே இருப்பவரின் முகம் தெளிந்துவிடும். முழு மராத்தானையும் ஓடித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பலரும் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து, நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு ஏன் அதிகம் அடிபடுகிறது என்று பார்க்கலாம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசை கொஞ்சம் தாமதமாக. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் பலப்பட மாதங்கள் ஆகும். சைக்கிளிலும் நீச்சலிலும் மூச்சு நன்றாகப் பழகிவிட்ட ஒருவருக்கு, ஓடும்போது மூச்சு வாங்காது. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போகலாம் போல இருக்கே" என்று தோன்றும். அவருடைய குதிகாலுக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் இன்னும் பழகியிருக்காது. இதோடு வார நாட்களில் விட்டுப்போன ஓட்டத்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஈடுகட்டுகிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. என்னிடம் வரும் ஓட்டக் காயங்களில் அடிக்கடி நான் கேட்கும் கதை இதுதான். விட்டது விட்டதுதான். அடுத்த வாரத்தின் அளவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பழைய பாக்கியைச் சேர்க்காதீர்கள்.

விட்டுப்போவதால் உடல்திறன் எல்லாம் கரைந்துபோய்விடும் என்ற பயமும் தேவையில்லை. 1980களில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் செய்த ஆய்வுகளில், பயிற்சியின் நேரத்தையோ நாட்களையோ மூன்றில் இரண்டு பங்கு வரை குறைத்தபோதும், தீவிரம் குறையாத வரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் 15 வாரங்களுக்குக் குறையவில்லை. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் அது இறங்கியது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்திக்கு நீண்ட பயிற்சி வேண்டும், அது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதியைச் சைக்கிளிலேயே பெறலாம். அடிபட்ட காலுக்கு இது பெரிய நிம்மதி.

இப்போது வலிக்கு வருவோம். குதிகாலின் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் வலியோடு வந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். "நடக்கும்போது ஒண்ணும் இல்ல மேடம். காலையில எழுந்து வைக்கிற முதல் பத்து அடிதான்" என்றார். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தசைநாணைப் பிடித்து மேலிருந்து கீழே வந்தேன். குதிகால் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே சற்றுத் தடித்திருந்தது, அங்கே அழுத்தினால் சுளித்தார். படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கச் சொன்னேன். நல்ல கால் சிரமமில்லாமல் செய்தது, மற்றது பாதியிலேயே நடுங்கியது. அந்த வித்தியாசம்தான் எனக்கு வேண்டிய தகவல். தசைநாணுக்கு முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், பலம் ஏறாது. ஓட ஆரம்பித்ததும் திரும்பவும் வலிக்கும். அதற்குச் சுமைதான் மருந்து. மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி, வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்ட வேண்டும்.

ஓட்டத்தை முழுவதும் நிறுத்தவும் சொல்லவில்லை. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னேன். ஓடும்போதும் ஓடியபின்பும் 5-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் இறுக்கமும் கூடக் கூடாது. 2007-ல் கரின் சில்பர்னாகல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இந்த விதிகளுக்குள் ஓட்டத்தைத் தொடர்ந்தவர்களும் முதல் ஆறு வாரம் ஓடாமல் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள். தொடர்ந்து ஓடியதால் கெடுதல் ஏற்படவில்லை. காலை நேரத்து முதல் சில அடிகள்தான் இதில் மிக நேர்மையான சாட்சி. முந்தின நாள் எவ்வளவு தாங்கியது என்று அவை சொல்லிவிடும். முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலிக்கும் பெரும்பாலும் இதே அணுகுமுறை பொருந்தும்.

எலும்புக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. தயவுசெய்து இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். வலி எங்கே என்று கேட்டால், கால் முழுக்கக் கையை ஓட்டிக் காட்டாமல் ஒரே ஒரு விரல் நுனியால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா? ஓடும் தூரம் கூடக்கூட வலியும் கூடுகிறதா? படுத்திருக்கும்போது, இரவில், வலிக்கிறதா? அப்படியானால் அது எலும்பில் அழுத்தத்தால் வரும் விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரே வரியை நம்பி ஓடிவிடாதீர்கள். இடுப்பு மடிப்பில் ஆழமாக வலித்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியாக இருக்கலாம். அது முழுதாக முறிந்தால் அறுவைசிகிச்சை வரை போகும். பாதத்தின் மேல்பகுதி நடுவிலும், முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பின் முன்பக்க விளிம்பிலும் வரும் விரிசல்களும் எளிதில் ஒன்றுசேராதவை. இவற்றில் எது இருந்தாலும் நான் பந்தயத்துக்குச் சம்மதிக்க மாட்டேன், நடந்து முடிப்பதற்குக்கூட. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தால், அல்லது இப்படி விரிசல் திரும்பத் திரும்ப வந்தால், பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் இந்தச் சாப்பாட்டுப் பற்றாக்குறை வரும், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் பந்தயத்தில் ஜூலி மாஸ் என்ற வீராங்கனை கடைசிச் சில மீட்டர்களை ஊர்ந்து கடந்து இரண்டாம் இடம் பிடித்த காட்சி, இந்த விளையாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. எனக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அது சக்தி தீர்ந்துபோன உடல். உணவும் நீரும் ஓய்வும் கொடுத்தால் மீண்டுவிடும். விரிசல் விட்ட எலும்போடு ஊர்கிறவருக்கு அந்தக் காட்சி முன்மாதிரி ஆகக் கூடாது.

சரி, வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான், கூடவே ஆறிவரும் ஒரு காயமும் இருக்கிறது என்றால் எப்படிப் பிரிப்பது? பாதியைச் சைக்கிளுக்குக் கொடுத்துவிடுங்கள். பந்தயத்தில் அதிக நேரம் போவது அங்கேதான், காலில் அடி விழாமல் சக்தியை வளர்ப்பதும் அங்கேதான். அதில் ஒன்று நீண்ட பயணமாகவும், ஒன்று குறுகிய, கடினமான பயிற்சியாகவும் இருக்கட்டும். நீச்சல் இரண்டு முறை போதும். ஓட்டத்தை ஒரே நாளில் கொட்டாமல் மூன்றாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் சிறியதாக, நடையும் கலந்து. அதில் ஒன்றை நீண்ட சைக்கிள் பயணம் முடிந்த உடனே வைத்துக்கொண்டால், களைத்த கால் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். வலிமைப் பயிற்சிக்கு இருபது நிமிடம், வாரம் இரண்டு தடவை. அடிபட்டவர்கள் நேரமில்லை என்று முதலில் கைவிடுவது இதைத்தான், கடைசிவரை விடக் கூடாததும் இதுதான். அப்புறம், தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி நேரம் தேடாதீர்கள். தூங்காத உடலில் திசு சரியாக ஆறுவதில்லை.

சைக்கிளின் சீட் உயரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். முன்முழங்கால் வலிக்குச் சீட் தாழ்வாக இருப்பதும் ஒரு காரணம்.

பந்தய நாளில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். நீர்ச்சத்து குறைந்து, வெயிலில் பல மணி நேரம் உழைக்கும் உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரைகள் அதை மேலும் குறைக்கும். எந்த வலி எல்லை மீறுகிறது என்று சொல்லவேண்டிய ஒரே குரலையும் அடக்கிவிடும். தண்ணீரையும் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் குழப்பம், வாந்தி, வலிப்பு என்று உயிருக்கே ஆபத்து வரலாம்.

நடை ஓட்டத்தை ஓட்டப் பகுதியின் முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்குங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளலாம். முடியாமல் போனபின் நடப்பவரின் நடை தள்ளாடும், அப்போதுதான் அடிபட்ட கால் மேலும் கெடும். நொண்ட ஆரம்பித்து, இரண்டு நிமிடம் நடந்தும் அந்த நொண்டல் போகவில்லை என்றால் நின்றுவிடுங்கள். இந்த எல்லையைப் பந்தயத்துக்கு முன்பே கூட வருகிறவரிடம் சொல்லி வையுங்கள். முப்பதாவது கிலோமீட்டரில் உங்கள் மூளை நியாயமாக யோசிக்காது, அவர் யோசிப்பார்.

முடித்த பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது ஓட வேண்டாம். நடையும் இலேசான நீச்சலும் போதும். தசைவலி நான்கைந்து நாளில் வடிந்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் கூர்மையான வலி தங்கினால் காட்டிவிடுங்கள். பந்தயத்துக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் கருங்காபி நிறத்தில் போனாலோ, வெகுவாகக் குறைந்தாலோ, தசைகள் தொடமுடியாதபடி வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முந்தின நாட்களில் செய்த பந்தயத்தையும் விழுங்கிய மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.