பச்சை உடம்பு இருக்க ‘பின்பிரசவம்’ எதற்கு?

தங்கை பிள்ளையோடு வீடு வந்த அன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தடித்த எழுத்தில் ‘பின்பிரசவ மன அழுத்தம்’ என்று தலைப்பு. “அழுத்தமா? கிளம்பறப்போகூட பி.பி. பாத்தாங்களே, நார்மல்னுதானே சொன்னாங்க!” என்று பதறிவிட்டாள். ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினை எங்கே வைத்தோம் என்று தேடவும் ஆரம்பித்துவிட்டாள்.

தாளில் ‘பின்பிரசவ’ என்று பெயர்த்திருக்கும் ஆங்கிலச் சொல் ‘போஸ்ட்பார்ட்டம்’. அது லத்தீன் வழி வந்தது. போஸ்ட் என்றால் பிறகு, பார்ட்டஸ் என்றால் ஈனுதல். அவ்வளவுதான்.

அதற்குப் போய் ‘பின்பிரசவம்’! பின்னிரவு என்பது இரவு முடிந்தபின் வருவதா? பிற்பகலும் பகல்தானே? பின்பனியிலும் பனி பெய்யத்தானே செய்கிறது? பொழுதைச் சொல்லும் பெயருக்கு முன் ‘பின்’ வந்தால் அதன் கடைசிப் பகுதி என்றே தமிழ்க் காது கேட்கும். அந்தக் கணக்கில் பின்பிரசவம் என்பது நஞ்சுக்கொடி விழும் நேரம்! பிரசவம் வடசொல் என்பதில் எனக்குச் சண்டையில்லை. சொல் புரிய வேண்டும், அதுதான் என் வழக்கு.

ஈன்ற அணிமைக்கு, அதாவது பெற்ற புதிதுக்கு, தொல்காப்பியமே ‘புனிறு’ என்று சொல் தருகிறது. புறநானூற்றின் 68ஆம் பாட்டில் ‘புனிறு தீர் குழவி’ வருகிறது. அழகான சொல்தான். ஆனால் ‘புனிற்றுக்காலம்’ என்று அச்சடித்தால் தாளை மடித்து விசிறிக்கொள்வார்கள். நம் வீடுகளில் பச்சை உடம்பு என்கிறோமே, அதற்கு என்ன குறை? பச்சைப் புண் என்பது போல, இன்னும் ஆறாத உடம்பு. பூண்டுக் குழம்பு, லேகியம், காதில் பஞ்சு எல்லாம் அந்தப் பெயரில்தான் நடக்கின்றன. ஆனால் அந்தச் சலுகை உடம்போடு சரி. அழுதால் மட்டும் “தங்கமாட்டம் புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன அழுகை?”

அடுத்தது ‘மன அழுத்தம்’. அது ஸ்ட்ரெஸ். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. பெற்ற சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டியது இந்தச் சோர்வுக்குத்தான். பெற்றவளுக்கு இந்தச் சோர்வு இருக்கலாமா என்று பார்க்க 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விகள். சிரிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சோர்வு என்றால் வெறும் அசதி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு வரி விளக்கம் போதும்.

‘பச்சை உடம்புக்காரிக்கு வரும் மனச்சோர்வு’ என்று போட்டிருந்தால் அம்மா மிஷினைத் தேடியிருக்க மாட்டாள்.