கிழங்கை மாற்றினால் லட்கே ஆரோக்கியமாகிவிடுமா?

நவம்பர் கடைசி வந்துவிட்டால், வடமேற்கு லண்டனில் நான் வேலை பார்க்கும் உணவியல் ஆலோசனை அறையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "உருளைக்கிழங்கை விட்டுவிட்டுச் சர்க்கரைவள்ளியிலோ பார்ஸ்னிப்பிலோ (வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கு) லட்கே செய்தால் நான் சாப்பிடலாம்தானே?" கேட்பவர்கள் பெரும்பாலும் எட்ஜ்வேர், ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் பக்கத்து யூதக் குடும்பத்தினர். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் என்று ஏதோ ஒன்றுக்காக என்னிடம் வருகிறவர்கள். இப்போது ஹாரோ, வெம்ப்லி பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வர ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, நாமும் செய்து பார்க்கலாம் என்று. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவிப் பிழிந்து, முட்டை, உப்பு, கொஞ்சம் மாட்சா மாவு (புளிக்காத ரொட்டியைப் பொடித்தது) சேர்த்துத் தட்டி, எண்ணெயில் இரண்டு பக்கமும் பொரித்தெடுப்பது லட்கே. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ஹனுக்காப் பண்டம். கி.மு. 164 வாக்கில் ஜெருசலேம் ஆலயம் மீட்கப்பட்டபோது, ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெயில் விளக்கு எட்டு நாள் எரிந்தது என்ற நம்பிக்கைதான் இந்தப் பண்டிகைக்கு அடிப்படை. அந்த எண்ணெயின் நினைவாகத்தான் பொரித்த பண்டங்கள்.

ஆகவே எண்ணெய்தான் இந்தப் பண்டத்தின் உயிர். உருளைக்கிழங்கு பிறகு வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிழங்கு, கிழக்கு ஐரோப்பாவின் ஏழை வீடுகளில் அன்றாட உணவாக வேரூன்றியதே 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பாலாடைக்கட்டியிலும் பக்வீட் (தானியம்போல் பயன்படும் ஒரு விதை) மாவிலும் இதுபோல் தட்டிச் சுட்டிருக்கிறார்கள். வேறு கிழங்கில் செய்தால் மரபு கெட்டுவிடுமோ என்று கவலைப்படும் பாட்டிகளிடம் இதைச் சொல்வேன், முகம் மலர்ந்துவிடும். ஹனுக்காவில் எண்ணெயே வேண்டாம், ஓவனில் சுட்டுக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பண்டிகையின் பொருளையே எடுத்துவிட்டு ஆரோக்கியம் பேசுவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். கிழங்கை மாற்றுவதால் சர்க்கரைக்கு எவ்வளவு லாபம்? பச்சையாக 100 கிராமில் உள்ள மாவுச்சத்தை, நார்ச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள்: உருளைக்கிழங்கில் சுமார் 17 கிராம், சர்க்கரைவள்ளியில் 20, பார்ஸ்னிப்பில் 18. அப்படியானால் எதை மாற்றினோம்? சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ-க்கான பீட்டா கரோட்டின் இருக்கிறது, பார்ஸ்னிப்பில் நார்ச்சத்து கூடுதல். இவை நல்லவைதான். ஆனால் "இது ஆரோக்கிய லட்கே" என்ற நம்பிக்கையில் இரண்டுக்குப் பதில் ஆறு சாப்பிட்டால், ரத்தச் சர்க்கரை கிழங்கின் பெயரைப் பார்த்து ஏறுவதில்லை. உண்மையிலேயே மாவுச்சத்து குறைய வேண்டுமென்றால் கேரட், பீட்ரூட் (சுமார் 10), செலரிச் செடியின் கிழங்கான செலரியாக் (9), முள்ளங்கி போன்ற டர்னிப் (6) பக்கம் போக வேண்டும். பாதி உருளை, பாதி டர்னிப் அல்லது செலரியாக் என்று கலந்தால் சுவையும் கெடாது, அளவும் குறையும். என் நோயாளிகளில் பலருக்கு இந்தப் பாதிப் பாதிதான் ஒத்துவந்திருக்கிறது. கூடவே, தொட்டுக்கொள்ளும் ஆப்பிள் கூழில் சர்க்கரை சேர்க்காமல் இருந்தாலே பெரிய உதவி.

இதைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். இனிப்பான கிழங்குகளைப் பொரிக்கும்போது வரும் சிக்கல் அது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரி செல்சியசுக்கு மேல் பொரித்தாலோ சுட்டாலோ, அதில் இயற்கையாகவே உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் சேர்ந்து அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது. உணவில் இது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதற்கு முன்பே, 1994-ல், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்திருந்தது. விலங்குகளில் தெளிவாகத் தெரிந்த தீங்கு, உணவு வழியாக மனிதரிடம் அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. அதனால் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. எட்டு நாள் பண்டிகையில் சாப்பிடும் லட்கேயால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் "காய்கறிதானே" என்று ஆண்டு முழுவதும், வாரத்தில் பல நாள், ஏர் ஃபிரையரில் கருக்கச் சுட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அங்கேதான் எனக்குக் கவலை.

சர்க்கரைவள்ளி, பார்ஸ்னிப், கேரட், பீட்ரூட் எல்லாவற்றிலும் உருளையைவிடச் சர்க்கரை அதிகம். சர்க்கரை அதிகமென்றால் சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கருகும். காய்கறிச் சிப்சில் அக்ரிலமைடு உருளைச் சிப்சைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். ஐரோப்பிய ஆணையம் 2019-ல் கண்காணிக்கச் சொன்ன உணவுகளின் பட்டியலில் காய்கறிச் சிப்சும் இருக்கிறது, லட்கேயின் நெருங்கிய உறவான ராஸ்டியும் (துருவிய உருளையைத் தட்டிச் சுடும் சுவிஸ் பண்டம்) இருக்கிறது.

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017-ல் ஒரு பிரசாரம் நடத்தியது. பொன்னிறம் வந்தால் போதும், பழுப்பாக விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். உருளைக்கிழங்குக்கு இது அருமையான அளவுகோல். ஆனால் பீட்ரூட் லட்கேயில் பொன்னிறத்தை எங்கே பார்ப்பது? அடர்சிவப்புக்குள் பழுப்பு ஒளிந்துகொள்ளும். சர்க்கரைவள்ளியிலும் கேரட்டிலும் ஆரஞ்சு நிறமே பொன்னிறம்போல் ஏமாற்றும், ஓரங்கள் கருகிய பிறகுதான் தெரியும். நிறமுள்ள கிழங்குகளுக்குக் கண்ணை நம்ப முடியாது, வெப்பத்தைத்தான் நம்ப வேண்டும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. உருளை லட்கேக்கு எண்ணெய் 175 டிகிரி வரை இருக்கலாம். இனிப்புக் கிழங்குகளுக்கு 165, 170 போதும். கொஞ்சம் மெல்லிசாகத் தட்டுங்கள், உள்ளே வேகுவதற்குள் வெளியே கருகிவிடாது. மூன்றில் ஒரு பங்காவது உருளை கலந்தால் அந்த வெளுத்த இழைகள் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

பிழிவதும் இங்கே உதவுகிறது. துருவலைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியும்போது தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் அஸ்பராஜினும் போகின்றன. பிழிந்த நீரைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்நீரை ஊற்றிவிட்டு அந்த மாவைத் துருவலில் சேர்ப்பது யூத வீடுகளின் பழைய கைப்பக்குவம், ஒட்டுவதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. கேரட்டிலும் பீட்ரூட்டிலும் இப்படி மாவு படியாது. அதனால்தான் அவை எண்ணெயில் பிரிந்து போகின்றன, பிரிந்த இழைகள் கருகுகின்றன. இரண்டு கரண்டி உருளை மாவோ கூடுதலாக ஒரு முட்டையோ சேர்த்தால் சரியாகிவிடும். மாட்சா மாவு கோதுமை என்பதால் சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ளவர்களுக்கும் உருளை மாவுதான் வழி.

எண்ணெய் குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொரியும்போது உள்ளேயிருக்கும் நீர் ஆவியாக வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும்தான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆகவே எடுத்தவுடன் கம்பித் தட்டில் சாய்த்து வடியவிட்டு, சூட்டோடு காகிதத்தால் ஒற்றி எடுப்பது நிஜமாகவே பலன் தரும்.

அடுத்து வருவது நேரடி ஆபத்து, இதைத் தயவுசெய்து வேகமாகப் படித்துக் கடக்காதீர்கள். செலரியாக் நல்ல கிழங்கு என்று மேலே சொன்னேன். ஆனால் செலரி இனத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் ஐரோப்பாவில் கணிசம். பிரிட்டன் சட்டப்படி உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் செலரி ஒன்று, செலரியாக்கும் அதற்குள் அடங்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தத் தன்மை முழுமையாகப் போவதில்லை. பார்வைக்கு உருளை லட்கேபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். விருந்துக்குக் கொண்டுபோனால் தட்டில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். முட்டை இருப்பதையும் எழுதுங்கள். சாப்பிட்டவுடன் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ காத்திருக்காமல் பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும்.

தமிழ் வீடுகளுக்கு இன்னொன்று. நம் வீட்டில் எப்போதும் இருக்கும் மரவள்ளியையும் சேப்பங்கிழங்கையும் துருவி அப்படியே லட்கே தட்டலாம் என்று தோன்றும். பச்சையாகத் துருவிப் பொரிக்காதீர்கள். மரவள்ளியில் சயனைடை வெளியிடும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. ரகத்துக்கு ரகம் அளவு மாறும், கசப்பு ரகத்தில் மிக அதிகம். ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம் பொரிப்பதை நம்பி அதை விட முடியாது. தோலை ஆழமாகச் சீவி, நடு நாரை எடுத்து, துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு மசித்தோ துருவியோ தட்டிச் சுடுங்கள். கடையில் உறைய வைத்துக் கிடைப்பதற்கும் இதே முறைதான். மரவள்ளியில் மாவுச்சத்து 100 கிராமுக்கு 38 கிராம் வரை இருப்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதும் இல்லை. சேப்பங்கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளின் அரிப்பு நமக்குத் தெரிந்ததுதான். வேகவைத்துத் தோலுரித்த பிறகு தட்டினால் தொண்டை பிழைக்கும்.

உருளைக்கிழங்கிலும் கவனம் வேண்டும். நார்ச்சத்துக்காகத் தோலோடு துருவுகிறவர்கள் இப்போது அதிகம். பச்சை பூத்த இடத்திலும் முளைக்கண்ணிலும் சொலனைன் வகை நச்சு சேர்ந்திருக்கும், பொரிக்கும் வெப்பத்தில் அது அழியாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் செதுக்கி எடுங்கள், நிறையப் பச்சையாகவோ கசப்பாகவோ இருந்தால் குப்பையில் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் உருளையில் சர்க்கரை கூடி அக்ரிலமைடு ஏறும் என்று முன்பு எச்சரித்து வந்தார்கள். வீட்டு அளவில் அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023-ல் அந்த அறிவுரையை மாற்றிக்கொண்டது. வெளிச்சம் படாமல் வைப்பதுதான் முக்கியம்.

பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிகளிடம் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: உருளையை இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்தால் பொட்டாசியம் போய்விடும் என்று. வெறுமனே ஊறவைப்பதால் பெரிதாகக் குறைவதில்லை. சின்னதாக நறுக்கியோ துருவியோ நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால்தான் பாதிக்கு மேல் இறங்கும். அப்படி வடித்ததை மசித்துத் தட்டலாம், மொறுமொறுப்பு குறையும், ருசி இருக்கும். டர்னிப்பில் பொட்டாசியம் உருளையில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதைக் கேரட்டோடு கலந்து செய்யச் சொல்கிறேன். பார்ஸ்னிப் இவர்களுக்கு ஏற்றதல்ல. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்திருப்பதைப் பார்த்துப் பதறி ஃபோன் செய்வார்கள். சிலருக்கு அப்படி வரும், தீங்கில்லை. பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் சிவந்தால்தான் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹனுக்காவில் இருட்டியதும் மெழுகுவர்த்திகள் ஏற்றுவதும் அடுப்பில் எண்ணெய் காய்வதும் ஒரே நேரத்தில்தான், அதே நேரத்தில்தான் வீடு நிறையக் குழந்தைகள். ஒரு பெரியவர் அடுப்பைவிட்டு நகரக்கூடாது, இன்னொருவர் விளக்கருகே இருக்க வேண்டும். சட்டியில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். துருவலை ஈரம் போகப் பிழிவது தெறிக்காமல் இருக்கவும்தான். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முடிந்தால் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியேறி 999 அழையுங்கள். கையில் சூடுபட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

மீந்த லட்கேயை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், முட்டை இருக்கிறது. மறுநாள் மறுபடி எண்ணெயில் போடாமல், சூடான ஓவனில் சில நிமிடம் வைத்து உள்ளே நன்றாகச் சூடேறியதும் எடுங்கள். முதல் நாளே ஓரம் கருத்துப்போனவற்றை மீண்டும் சூடாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.