பற்றாசு

பட்டறையில் 'சால்டர்' என்றும் 'ஈயப்பற்று' என்றும் சொல்லப்படும் பொருளுக்குப் பற்றாசு என்ற பழஞ்சொல் தமிழில் உண்டு. இணைக்க வேண்டிய உலோகங்கள் உருகாதிருக்க, குறைந்த வெப்பத்தில் தான் மட்டும் உருகி, இடுக்கில் ஓடி இறுகி அவற்றைப் பிணைக்கும் உலோகமே பற்றாசு. சால்டரின் வேர் 'திடமாக்கு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ்ச்சொல் இறுகுவதை விட்டுப் பற்றுவதைச் சொல்கிறது. வேலையைப் பார்த்தவர்களுக்கு அதுவே பொருத்தமாகப் படும்.

இச்சொல் கொல்லுப்பட்டறையோடு நின்றுவிடவில்லை. வெண்பாவில் முதற்குறளும் (முதல் ஈரடி) அதன்பின் தனித்து வரும் தனிச்சொல்லும் ஓசையால் ஒட்டாதபோது, இடையே ஓரிரு அசை சேர்த்து இணைப்பதை 'ஆசு' என்று வழங்கிய யாப்பு உரையாசிரியர்கள், அதற்கு உவமையாக எடுத்தது உலோகத்துக்கு இடும் பற்றாசைத்தான்.

இன்றைய சிக்கல் 'பற்றவைத்தல்' என்ற ஒற்றைச் சொல் சால்டரிங், பிரேசிங், வெல்டிங் மூன்றையும் சுமப்பதில் இருக்கிறது (அடுப்புக்கும் அதே சொல்தான்). விரிசல் விட்ட எஃகுக் குழாயைப் 'பற்றவைத்துத் தாருங்கள்' என்று கேட்டால் எதைச் செய்வது? வெல்டிங்கில் குழாயின் எஃகே ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியசில் உருகும்; சைக்கிள் சட்டம் போன்ற மெல்லிய சுவர் உடனே ஓட்டையாகலாம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த மென்பற்றாசு 183 டிகிரியிலேயே உருகும். கசிவை அடைக்குமே தவிர, ஆள் ஏறும் சட்டத்தைத் தாங்காது. அங்கே வேண்டியது வெள்ளியோ பித்தளையோ கலந்த வன்பற்றாசு. 450 டிகிரிக்கு மேல் உருகும் இவ்வகையைக் கொண்டு இணைப்பதே பிரேசிங்.

குழாயைப் பளபளவென்று தேய்த்து, வெங்காரம் (போராக்ஸ்) பூசிச் சூடேற்றும்போது, வெங்காரம் முதலில் வெள்ளையாகப் பொங்கிப் பின் கண்ணாடிபோல் தெளியும். எஃகு போதிய அளவு சிவந்ததும் வன்பற்றாசுக் கம்பியை இணைப்பில் தொட வேண்டும். தீ நாக்கில் காட்டி உருக்கினால் அது உருண்டு விழும். குழாயின் சூடே உருக்கினால்தான் மயிரிழை இடுக்குக்குள் தானாக இழுபட்டுப் போகும். அப்படிப் போய்ப் பிடிப்பதையே 'பற்று' என்ற முதற்பாதி குறிக்கிறது. ஆகவே சால்டரைப் பற்றாசு என்றும், பிரேசிங்கை வன்பற்றாசிடல் என்றும், வெல்டிங்கை உருக்கிணைப்பு என்றும் பிரித்து எழுதலாம்.