பழைய காரின் பின்சீட்டுக்கு பெல்ட்: சட்டம் கேட்பது என்ன, பொருத்தும் முறை என்ன

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் ஆசையாக வைத்துப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு சந்தேகம். பின்சீட்டில் பெல்ட் இல்லாவிட்டால் அபராதம் விழுமா? நாமாகப் பொருத்தினால் ஆர்.சி.யில் சிக்கல் வருமா?

முதலில் வண்டி எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று ஆர்.சி.யில் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-ஆவது விதிதான் பெல்ட் வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் கொடுக்கிறது. முன்சீட்டுக்கு அது 1994 மார்ச் முதல் கட்டாயம். முன்னோக்கிய பின்சீட்டுக்கு 2002-இல்தான் வந்தது. பெல்ட் போடச் சொல்லும் 138(3) விதியும், 125-ஆவது விதிப்படி பெல்ட் வைக்கப்பட்ட வண்டிகளைப் பற்றியே பேசுகிறது. ஆகவே 1980-இல் வந்த பத்மினிக்கு இன்று பின்சீட் பெல்ட் மாட்டியே தீர வேண்டும் என்று விதி இல்லை.

இதைக் கேட்டதும் நிம்மதியடைந்து அப்படியே விட்டுவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 194-பி பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெல்ட் போடாத பயணியை ஏற்றி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். கட்ட வேண்டியவர் ஓட்டுபவர். அதே பிரிவின் இரண்டாம் பகுதி 14 வயது நிறையாத குழந்தைகளுக்கானது. குழந்தை பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையாலோ பாதுகாக்கப்படாமல் இருந்தால் 1,000 ரூபாய். இந்த வாசகத்தில் கார் எந்த ஆண்டுத் தயாரிப்பு என்ற பேச்சே இல்லை. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பழைய காருக்கு பெல்ட் பொருத்த இந்த ஒரு காரணமே போதும்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சட்டென்று நின்றால், பெல்ட் இல்லாதவர் நான்கு மாடி உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் முன்சீட்டில் மோதுவார். முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரையும் அவர் உடல் நசுக்கும். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பின்சீட்டில் பெல்ட் போடாமல் பயணித்தபோதுதான்.

ஆர்.சி. பற்றிய பயத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது, வண்டியின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்கும் மாற்றத்தை. பெல்ட் பொருத்துவதால் எஞ்சின் எண், சேஸிஸ் எண், இருக்கை எண்ணிக்கை, நிறம் எதுவும் மாறுவதில்லை. கூரையைத் தாங்கும் பக்கத்துத் தூணை அறுப்பதும் சீட்டின் அமைப்பை மாற்றுவதும் வேறு விஷயம். அந்த வேலைக்கு இறங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

இனி பொருத்தும் வேலை. அவசரம் கூடாத இடம் இதுதான். காயலான் கடையில் கழற்றி விற்கும் பெல்ட்டை வாங்காதீர்கள். விபத்தில் ஒரு முறை இழுபட்ட பட்டை இன்னொரு முறை தாங்கும் என்று நம்ப முடியாது. ஐ.எஸ். 15140 தரக்குறி உள்ள புதிய பெல்ட்டை பில்லோடு வாங்குங்கள். தோளோடு சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்தான் நல்லது. இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் மோதலில் மேலுடம்பு முன்னால் மடங்கி, வயிற்றிலும் முதுகெலும்பிலும் அடி விழலாம்.

குஷன் கடைக்காரர் சீட்டின் இரும்புச் சட்டத்திலேயே போல்ட் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெல்ட் பிடித்திருக்க வேண்டியது காரின் உடற்கூட்டை. சில கார்களில் தொழிற்சாலையிலேயே விட்டுவைத்த மரையிட்ட துளை இருக்கும். கம்பளத்தையும் உள்துணியையும் விலக்கி அதை முதலில் தேடுங்கள். பெல்ட்டுக்கு வழக்கமாக வரும் போல்ட் 7/16 அங்குல நுண்மரை போல்ட். அதன் தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் இருக்க வேண்டும். புதிதாகத் துளை போட்டால் காரின் தரைத்தகட்டின் அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனில், உள்ளங்கை அகலத்துக்கு, முனை மழுக்கிய இரும்புத் தகடு வைக்க வேண்டும். வெறும் வாஷர் மோதலின்போது தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துருப்பிடித்து ஒட்டுப்போட்ட தரையென்றால், டிங்கரிடம் அதைச் சரிசெய்த பிறகுதான் துளை. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அடியில் எங்கே ஓடுகின்றன என்று ரேம்ப்பில் ஏற்றிப் பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். பெல்ட்டை மாட்டும் மேல்முனை உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குக் கீழே வரக்கூடாது. வந்தால் மோதலில் பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

50 ஆண்டுகளைக் கடந்த காருக்கு ஒரு எச்சரிக்கை. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 'வி.ஏ.' எழுத்துள்ள பதிவு எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. அந்த எண்ணில் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். அந்தப் பதிவை நாடுகிறவர்கள் புதுத் துளை போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிப்பு வரும். கிருஷ்ணகிரியின் டி.என். 24, தர்மபுரியின் 29, ஓசூரின் 70, எந்த எண்ணாக இருந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். பெல்ட் வாங்கிய பில்லையும், துளை போடும் முன்னும் தகடு வைத்த பின்னும் எடுத்த படங்களையும் ஆர்.சி.யோடு வைத்திருங்கள், அவர் கேட்டால் காட்டலாம்.